‘ம்’ கொட்ட ஆள் இருக்கா?

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. கையில என்னது, சீட்டுக்கட்டா? ஆட்டின் ராசாவையும் காணோம், ஸ்பேடு ராணியையும் காணோம். ஓகோ, பிள்ளையோட பேச்சுப் பயிற்சிக்கு வாங்கினதாக்கும்! ‘சீக்வென்சிங் கார்டா’? ஆன்லைன்ல வரவழைச்சியா? வெலைய மட்டும் எங்கிட்டச் சொல்லிராத. எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு.

சரி, விரி பாப்போம். முதல் படத்துல வெள்ளையா ஒரு உருண்டை. ரெண்டாவதுல உருண்டைக்கு மேல உருண்டை. மூணாவதுல அதுக்குக் கேரட்டுல மூக்கு வச்சு, கழுத்துல துண்டு கட்டி விட்டிருக்கான். பனியில பொம்மை செய்யுதானாம்! ஏலே, உம்பிள்ளை பிறந்தது கோவில்பட்டிக் கரிசல்ல. சித்திரை வெயில்ல செருப்பில்லாம வாசப்படி தாண்ட முடியாது. பனிக்கட்டிய அவன் பாத்ததெல்லாம் ஐஸ்காரன் பெட்டிக்குள்ளதான். அவன் இந்த மூணு படத்தையும் தலைகீழா அடுக்கிட்டான்னு நீயும் உம்பொஞ்சாதியும் ராத்திரி பூரா தூங்கலையாமே? அவன் அடுக்கினதுலயும் நியாயம் இருக்கு. நம்ம ஊர் வெயில்ல வச்சா பொம்மை உருண்டையாத்தான ஆகும்? உருண்டை அப்புறம் தண்ணியாத்தான ஆகும்? பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கான். உனக்குத்தான் விளங்கல.

நான் படிப்பக் கேலி பண்ணுதேன்னு நினைக்காத. என் பேத்தி ஒருத்தி இந்தப் படிப்புத்தான் படிக்கா. பேச்சுப் பயிற்சியும் காது கேக்குதான்னு சோதிக்கிறதும் சேர்ந்த நாலு வருசப் பட்டம். லீவுக்கு வந்தா என்னை மாணவனா உக்கார வச்சுப் பாடம் எடுப்பா. நானும் வெத்தலையப் போட்டுக்கிட்டுக் கேப்பேன். கேக்கக் கேக்க எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வரும். ஏன்னு கேளு. அவ சொல்லுத பயிற்சியில முக்காவாசி உன் வீட்டுக்குள்ளயே கிடக்கு. வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுதியே அப்பா!

இந்தக் கார்டு எதுக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கோ. மூணு படத்துல ஆரம்பிப்பாக. முட்டை, விரிசல் விட்ட முட்டை, குஞ்சு. பிள்ளை அத அடுக்கணும், அடுக்கிட்டு வாயால சொல்லணும். மூணு பழகினா நாலு, பெறகு ஆறு. அடுத்தாப்புல நடுவுல ஒரு படத்த ஒளிச்சு வச்சுக்கிட்டு, ‘இங்கன என்ன நடந்திருக்கும்?’னு கேப்பாக. கடைசிப் படத்தக் கவுத்து வச்சு, ‘இனி என்ன ஆகும்?’னு கேப்பாக. எல்லாம் முடிஞ்சதும் கார்டு அம்புட்டையும் அள்ளி எடுத்துட்டு, ‘இப்பச் சொல்லு’ம்பாக.

அங்கதான் சங்கதியே இருக்கு. நடந்தத நினைப்புல வச்சுக்கணும், அதுக்கு வார்த்தை தேடணும், கேக்கிறவனுக்குப் புரியுதான்னு அவன் மூஞ்சியையும் பாக்கணும். மூணும் ஒரே நேரத்துல. லேசுப்பட்ட காரியமா? பெரிய மனுசன் நீ, போன வாரம் கல்யாண வீட்டுச் சண்டையச் சொல்லுதேன்னு வந்து உக்காந்த. பந்தியில ஆரம்பிச்ச. பொண்ணழைப்புக்குப் போன. திரும்பப் பந்திக்கு வந்த. கடைசி வரைக்கும் யாரு யாரை அடிச்சான்னு சொல்லாமயே எந்திரிச்சுப் போயிட்ட. உனக்கு யாருய்யா கார்டு வாங்கிக் குடுக்கது?

நீ வீட்டுல என்ன செய்யுத? பிள்ளை மூணு கார்டை அடுக்கினதும் ‘சூப்பர்’ங்க, போட்டோ எடுத்து சொந்தக்காரன் குரூப்புல போடுத. கார்டு அடுக்கினது கை. வாய் திறந்துச்சா? அதப் பாத்தியா?

இன்னொண்ணு கேளு. வரிசை வேற, கதை வேற. பிரஷ்ஷ எடுத்தான், பேஸ்ட்டப் பிதுக்கினான், விளக்கினான், கொப்பளிச்சான். இது வரிசை. இத எவன் உக்காந்து கேப்பான்? பேஸ்ட்டுன்னு நினைச்சு அப்பன் சவரக் கிரீமைப் பிதுக்கி வாயில வச்சுட்டான்னு சொல்லு. ‘அய்யய்யோ, பெறகு?’ங்கான் பாரு. அது கதை. வம்பு வந்தாத்தான் கதை வரும்.

இதையும் படிச்சவுக எழுதி வச்சிருக்காக. நான்சி ஸ்டைன், கிறிஸ்டின் க்ளென்னு ரெண்டு பேரு 1979-ல கதைக்கே ஒரு இலக்கணம் போட்டாக. ஆளு யாரு, இடம் எங்க, என்ன வம்பு வந்துச்சு, அவனுக்கு மனசுல எப்படி இருந்துச்சு, என்ன பண்ணணும்னு நினைச்சான், என்ன பண்ணினான், என்ன ஆச்சு, கடைசியில எப்படி இருந்தான். இன்னைக்கும் பேச்சுப் பயிற்சி அறையில இத வச்சுத்தான் பாடம். பாட்டி சுட்ட வடையைக் காக்கா தூக்கின கதைய இதுல வச்சுப் பாரு, ஒண்ணு குறையுதா? நரிக்குப் பசி, வடை மேல ஆசை, பாடச் சொன்னா வாயத் திறக்கும்னு ஒரு யோசனை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி எட்டையும் விடாம சொல்லியிருக்கா. அவளுக்கு யாரும் சர்டிபிகேட் குடுக்கல, அம்புட்டுத்தான்.

நீங்க இப்ப அந்தக் காக்காயை என்ன பாடு படுத்துதிய! பள்ளிக்கூடத்துல கதை சொல்லும் போட்டியாம். ஒரு பிள்ளைக்குக் கறுப்புத் துணியில றெக்கை. மூஞ்சியில அட்டை மூக்கு. பத்து நாளா ராத்திரியும் பகலும் உருப்போட வச்சு, ‘காக்கா’ன்னா கைய இப்படி ஆட்டு, ‘நரி’ன்னா கண்ண இப்படி உருட்டுன்னு ஒரே டிரெய்னிங். அதுவும் மேடையேறி மூச்சு விடாம ஒப்பிச்சுட்டுக் கப்பை வாங்கிட்டு வந்துருச்சு. நான் பைய அதைப் பக்கத்துல கூப்பிட்டு, ‘ஏ ராசா, நரி எதுக்குக் காக்காயைப் பாடச் சொன்னது?’ன்னேன். பிள்ளை அம்மா மூஞ்சியப் பாக்குது. அம்மா என்னைப் பாத்து, ‘தாத்தா, அது ஸ்கிரிப்டுல இல்ல’ங்கா. எப்படி இருக்கு கதை? வடை போனது காக்காய்க்கு மட்டுமில்லடா.

அதுக்காக மூணு வயசுப் பிள்ளைய உக்கார வச்சு, ‘தலையும் வாலுமா ஒழுங்காச் சொல்லு’ன்னு விரட்டாத. ஆர்தர் ஆப்பிள்பீனு ஒரு மனுசன் சின்னப் பிள்ளைக சொன்ன கதைகளப் பிரிச்சுப் பாத்து 1978-ல ஒரு புத்தகம் போட்டாரு. ஆரம்பத்துல பிள்ளைக சொல்லுதது வெறும் குவியல்னு அவரு சொல்லுதாரு. நாயி, மாமா, பஸ்ஸு, டமார்னு எல்லாம் ஒண்ணாக் கிடக்கும். பெறகு ஒரு ஆளைச் சுத்தி நடந்தது வரும். பெறகு ஒண்ணால ஒண்ணு நடந்தது வரும். காரணம், முடிவு எல்லாம் வச்ச முழுக் கதைக்கு அஞ்சு வயசாவது ஆகும். நெல்லு விதைச்ச மறுநாள் அரிவாளத் தீட்டுத ஆளாடா நீ?

இம்புட்டு மெனக்கிடணுமான்னு கேக்கியா? கேக்கணும். இங்கிலாந்துல கேத்தரின் ரென்ஃப்ரூனு ஒரு அம்மா பிள்ளைக பேச்சச் சோதிக்கிறதுக்குன்னு ஒரு பஸ் கதை எழுதி வச்சாக. டிரைவரை விட்டுட்டு ஒரு பஸ்ஸு தன்னால ஓடிப்போகுது. ரயிலோட போட்டி போடுது, போலீஸ்காரர் விசிலடிச்சாலும் நிக்க மாட்டேங்குது, கடைசியில குளத்துல போயி மாட்டிக்கிடுது. நம்ம ஊர் டவுன் பஸ்ஸும் கையக் காட்டினா நிக்காதுதான், ஆனா அதை எவனும் பரீட்சையில சேக்கல. படத்தக் காட்டி இந்தக் கதையப் பிள்ளைக்குச் சொல்லுவாக. பெறகு அதே படத்த வச்சுப் பிள்ளை திருப்பிச் சொல்லணும். பேச்சு பிந்தின நாலு வயசுப் பிள்ளைகள டோரத்தி பிஷப், எட்மண்ட்சன்னு ரெண்டு பேரு தொடர்ந்து கவனிச்சு 1987-ல எழுதினாக. எந்தப் பிள்ளை அஞ்சரை வயசுல தேறி வரும்னு முன்கூட்டியே காட்டினதுல, இப்படிக் கதையத் திருப்பிச் சொல்லுததுதான் எல்லாத்தையும் விட முந்தி நின்னுச்சாம். அதனால கதை பொழுதுபோக்குன்னு ஒதுக்காத. நாளைக்குப் பாடப் புத்தகத்துல ஒரு பக்கத்தப் படிச்சு, ‘இது எதனால நடந்துச்சு?’ன்னு வாத்தியார் கேட்டா, பதில் சொல்லுத பழக்கம் இங்கதான் ஆரம்பிக்கு.

இனி உன் கணக்குக்கு வருவோம். வாரத்துக்கு ரெண்டு நாள், நாளைக்கு முக்கால் மணி நேரம் பிள்ளையப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போற. மொத்தம் ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? 168. மிச்சம் 166½ மணி நேரம் பிள்ளை யாருகிட்ட இருக்கு? உங்கிட்ட. நீ யாருகிட்ட இருக்க? போன்கிட்ட. பயிற்சி அறைக்கு வெளிய நாற்காலியில உக்காந்து கட்டைவிரலால தள்ளிக்கிட்டே இருக்கியே, ஒரு நாளாவது உள்ள போயி, ‘அம்மா, நான் வீட்டுல என்ன செய்யணும்?’னு கேட்டியா? நல்ல பயிற்சியாளரு நீ கேக்காமயே சொல்லுவாரு. உனக்குத்தான் காது காலியா இல்ல, அதுல ஒரு குமிழைச் சொருகி வச்சிருக்க.

சாயங்காலம் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருது. ‘இன்னைக்கு என்ன நடந்துச்சு?’ங்க. ‘ஒண்ணும் இல்ல’ங்கான். உலகத்துல எந்தப் பிள்ளையும் அதுக்கு வேற பதில் சொன்னதில்ல. நீ ஆபீஸ் விட்டு வந்ததும் உம்பொஞ்சாதி கேட்டா நீ மட்டும் என்ன சொல்லுத? அதே ‘ஒண்ணும் இல்ல’தான்!

நீ முதல்ல உன் கதையச் சொல்லு. ‘இன்னைக்கு பைக்குல வாரேன், ஹெல்மெட்டுக்குள்ள ஒரு குளவி வந்துருச்சு’ன்னு ஆரம்பி. சொல்லி முடி. பெறகு, ‘உன்னைய எதாச்சும் கடிச்சிருக்கா?’ன்னு கேட்டுட்டு வாய மூடு. கொட்டும் பாரு. கேரல் பீட்டர்சன், அலிசா மெக்கேப்னு ரெண்டு அம்மாமாரு இப்படித்தான் பிள்ளைகளப் பேச வச்சுக் கதைகளச் சேத்து, 1983-ல புத்தகமாப் போட்டாக. தான் ஒரு சின்னக் கதையச் சொல்லுதது, பிள்ளை ஆரம்பிச்சதும் நடுவுல திருத்தாம, புத்தி சொல்லாம, ‘ம்’, ‘அப்படியா’, ‘பெறகு?’ அம்புட்டுத்தான். எங்க காலத்துல ‘ம்’ கொட்ட ஆள் இல்லாம எவளும் கதை சொல்ல மாட்டா. ‘ம்’ நின்னா பிள்ளை தூங்கிட்டான்னு அர்த்தம். இப்பப் பிள்ளை பேசுது, அப்பன் தூங்குதான்.

அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போ. எலுமிச்சம்பழச் சாறு போடணும். ஆனா அவன் சொல்லணும், நீ செய்யணும். பழத்த நறுக்காம முழுசா வச்சுப் பிழி. ‘அப்பா, மொதல்ல வெட்டணும்!’பான். வெட்டு. கொட்டையோட பிழி. ‘அதுக்கு முன்னால கொட்டைய எடுக்கணும்!’பான். எடு. தண்ணிய ஊத்திச் சீனி போடாமக் குடிச்சு மூஞ்சியச் சுளி. ‘என்னடா இது?’ன்னு கேளு. ‘நீ சீனி போடல, அதனாலதான் புளிக்கு’ம்பான். ‘மொதல்ல’ வந்துச்சா, ‘முன்னால’ வந்துச்சா, ‘அதனால’ வந்துச்சா? கார்டுல மாசக் கணக்காத் தேடின சாமான் ஒரு டம்ளருக்குள்ள கிடக்கு. அப்படியே உன் போனுக்கும் ஒரு நல்ல காரியம் குடு. முழுப் பழம், வெட்டின பழம், பிழிஞ்ச சாறு, அவன் குடிக்கிறது. நாலு போட்டோ எடுத்து அச்சுப் போட்டுக் கலைச்சுப் போடு. அவன் கையால செஞ்சத அவன் அடுக்குவான். பனிப் பொம்மைக்கு இங்கன வேலை இல்ல.

படப் புத்தகம் வாங்கணுமா? வாங்கு, நான் தடுக்கல. மெர்சர் மேயர்னு ஒருத்தரு 1969-ல தவளையத் தேடிப் போற பையன் கதைய ஒரு எழுத்தும் இல்லாம வெறும் படமாவே போட்டிருக்காரு. எழுத்தில்லாத புத்தகத்துக்குத் துட்டான்னு நானும் முதல்ல மலைச்சேன். ஆனா அதுல வாசிக்க ஒண்ணும் இல்லாததால பிள்ளைதான் பேசியாகணும். எத்தனையோ மொழிக்காரப் பிள்ளைகளப் பேச வைக்க ஆராய்ச்சிக்காரங்க அந்தத் தவளையத்தான் பிடிச்சுக்கிட்டாக.

துட்டில்லாம வேணுமா? தன் பேரை மறந்துபோன ஈ கதை இருக்கு. ஈ போயி கன்னுக்குட்டிகிட்டக் கேக்கும், என் பேரு என்னன்னு. எனக்குத் தெரியாது, என் அம்மையக் கேளுங்கும். அம்மை, மேய்க்கிற இடையனைக் கேளுங்கும். இடையன் கையில இருக்க கோலு, கோலு வளந்த மரம், மரத்துல இருக்க கொக்கு, கொக்கு குளிக்கிற குளம், குளத்து மீனுன்னு அது அலையும். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் இதுவரைக்கும் கேட்ட அத்தனை பேரையும் வரிசை தப்பாமச் சொல்லித்தான் கேக்கணும். கடைசியில குதிரை ‘ஈ…’ன்னு கனைக்கும்போது ஈக்குப் பேரு ஞாபகம் வந்துரும். மூணு கார்டுல ஆரம்பிச்சு ஆறுல நிக்குதாகளே, இது ஒரு டஜனைத் தாண்டும். பிள்ளை மூச்சு முட்ட ஒப்பிக்கும், சிரிக்கும், ‘திரும்பச் சொல்லு’ங்கும். எவ எப்பக் கட்டினாளோ, தெரியல. நம்ம பக்கத்து ஊரு இடைசெவல் கி.ரா., ஊரூராக் கதை சேத்து ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’னு தடிப் புத்தகமாப் போட்டு வச்சிட்டுப் போயிருக்காரு. அது உன் வீட்டுல இருக்கா? டிவிக்கு முட்டுக் குடுக்கவாவது வாங்கு.

இன்னொரு கூத்து. பிள்ளைக்குப் பேச்சு பிந்துதுன்னு சொன்னதும், ‘இனி வீட்டுல இங்கிலீஷ் மட்டும்தான்’னு சட்டம் போட்டியாமே? ரெண்டு பாஷையாலதான் குழப்பம்னு எவன் சொன்னான்? ரெண்டு பாஷை கேக்கிறதால பேச்சுக் கோளாறு வராதுன்னுதான் இந்தத் துறையில உள்ளவுகளே சொல்லுதாக. உனக்கு எதுல சரளமா வருமோ அதுல பேசு. உன் இங்கிலீஷ்ல ‘கம்’, ‘கோ’, ‘சிட்’, ‘ஈட்’ தவிர என்னடா இருக்கு? அதைக் கேட்டுப் பிள்ளை எந்தக் கதையச் சொல்லும்? நம்ம பேச்சப் பாரு. ‘எந்திரிச்சு, பல்ல விளக்கி, கஞ்சியக் குடிச்சிட்டு, பள்ளிக்கூடம் போனேன்.’ ஒரு மூச்சுல நாலு காரியம், வரிசை ஒண்ணும் பிசகல.

இப்ப எங்க ஆளுகளையும் ஒரு பிடி பிடிக்கணும். இல்லேன்னா தராசு சாஞ்சிரும். பிள்ளை பேசலன்னு ஒருத்தி கண்ணீர் விட்டா, எங்க கிழடுக என்ன சொல்லும்? ‘அவன் தாத்தனும் நாலு வயசுலதான் வாயத் திறந்தான்.’ ‘நாக்குல வசம்பத் தேயி.’ ‘ஆம்பளப் பிள்ளைன்னா பைய்யத்தான் பேசும்.’ இப்படிச் சொல்லிச் சொல்லியே ரெண்டு வருசத்தக் கழிச்சிருவாக. தாத்தன் லேட்டாப் பேசினது சரி, அவன் பேசினதுல எதாச்சும் உருப்படியா இருந்துச்சா? அதையும் கேக்கணும்ல?

ரெண்டு வயசுல ‘அம்மா வா’, ‘பால் தா’ன்னு ரெண்டு சொல்லச் சேத்துப் பிள்ளை பேசணும். பேசலன்னா முதல் வேலையா காது கேக்குதான்னு சோதிச்சிரு. கேக்காத பிள்ளைக்குக் கார்டு காட்டி என்ன பிரயோசனம்? பெறகு பயிற்சியாளர்கிட்டப் போ, வெக்கப்படாத. ஆர்.சி.ஐ.ங்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்ல அவருக்குப் பதிவு இருக்கான்னு கேட்டுக்கோ. அதுக்குன்னு 1992-லயே சட்டம் இருக்கு. காசில்லையா? பிறந்த பிள்ளையிலிருந்து 18 வயசு வரைக்கும் வளர்ச்சிக் குறையப் பாக்குறதுக்குன்னு 2013-ல ஆர்.பி.எஸ்.கே.னு அரசாங்கத் திட்டம் வந்துச்சு. அதுல மாவட்டத் தலைமையிடத்து அரசு ஆஸ்பத்திரியிலயே இதுக்குத் தனி மையம் இருக்கு, டி.இ.ஐ.சி.னு கேளு. மெட்ராஸ் பக்கம்னா முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கு. கதை சொல்லி வளக்குறது உன் வேலை. கோளாறு இருக்கான்னு பாக்குறது படிச்சவுக வேலை. வசம்பு வேலையும் இல்ல, பனிப் பொம்மை வேலையும் இல்ல.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய். பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு அவனுக்கு நல்லாத் தெரிஞ்ச கதையவே எடு. ஆனா தப்பாச் சொல்லு. நரி மரத்து மேல உக்காந்திருந்துச்சுன்னு சொல்லு. காக்கா முதல்ல பாடிருச்சு, பெறகுதான் பாட்டி வடை சுட்டான்னு சொல்லு. பிள்ளை எந்திரிச்சு உக்காருவான். ‘இல்லப்பா, மொதல்ல பாட்டி, பெறகுதான் காக்கா!’ன்னு சண்டைக்கு வருவான். நீ அசராத. ‘அப்படியா, எனக்கு அப்படித்தான் சொன்னாங்க’ன்னு இன்னொரு தப்பைச் சொல்லு. அவனே உன் வாயப் பொத்திட்டு முழுக் கதையையும் ஆதியோட அந்தமாச் சொல்லி முடிச்சிட்டு, ‘அப்பாவுக்கு ஒரு கதையும் தெரியல’ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவான்.

சொல்லட்டும். அவன் பாஸ், நீ பெயில். அதுல உனக்கு என்னடா குறைஞ்சு போச்சு?